காருக்கு வீட்டிலேயே ஆயில் கேட்ச் கேன்... வேலூர், ஆம்பூர் நண்பர்களே, இதைக் கவனிங்க!

இன்ஜின் ஓடும்போது பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசியும். அது ஆயில் துளிகளையும் சுமந்துகொண்டு, பி.சி.வி வால்வு வழியாக மறுபடி இன்ஜினுக்கே போகும். நாளடைவில் இன்டேக் வால்வில் கரி படியும். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் இந்தத் தொல்லை அதிகம். வால்வைக் கழுவிவிட அங்கே பெட்ரோல் வராது.

அந்த ஆயிலை வழியிலேயே பிடிப்பதுதான் கேட்ச் கேன்.

எப்படிச் செய்வது?

காற்றுப் புகாத அலுமினிய டப்பா, இரண்டு ஹோஸ் இணைப்புகள், உள்ளே ஒரு தடுப்புத் தகடு. பி.சி.வி ஹோஸின் நடுவே இதை இணைக்க வேண்டும். தகட்டில் மோதும் ஆயில் அடியில் சொட்டும். வாயு மட்டும் இன்ஜினுக்குப் போகும்.

உஷார்!

* ஆயில், சூடு இரண்டையும் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். தண்ணீர் டியூப் இளகி அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் போய்விடும்.
* பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை உள்ளே வைக்காதீர்கள். துணுக்குகள் இன்ஜினுக்குள் போகலாம்.
* எக்ஸாஸ்ட் குழாய் அருகே மாட்டாதீர்கள். ஆயில் கசிந்தால் தீப்பிடிக்கும்.
* வாரன்ட்டி இருந்தால், சர்வீஸ் சென்டரில் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

சேர்ந்த ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பாலாற்றுக் கரையில்தான் நாம் இருக்கிறோம். டப்பாவில் சேர்வது கொஞ்சம்தான் என்றாலும், பாட்டிலில் பிடித்துவைத்து, அடுத்த ஆயில் சர்வீஸின்போது பழைய ஆயிலோடு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.