ஆர்கேட் விளையாட்டுகளும் பல்லாங்குழியும்: போலச்செய்தல்வழிப் பாதுகாப்பு

முன்னுரை

1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேக்மேன்' போன்ற ஆர்கேட் விளையாட்டுகள், காசு இட்டு ஆடும் தனிப்பெட்டிகளாக இருந்தன. பெட்டிகள் பழுதடைந்த பின்னும் அவை இன்று கணினியில் ஆடப்படுகின்றன. இது இயலும் முறையையும், தாமிரபரணிக் கரையூர்களின் பல்லாங்குழியை ஆவணப்படுத்த அது காட்டும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

போலச்செய்தல்

பேக்மேன் பெட்டியை இயக்குவது இசட்80 என்னும் செயலி. ஆட்ட விதிகள் 16 கிலோபைட் நிரலாக நினைவகச் சில்லுகளில் பதிந்துள்ளன. இத்தகைய சில்லுகளுள் சில வகைகள் காலப்போக்கில் மின்னேற்றத்தை இழப்பதால் நிரல் சிதையும். எனவே நிரலைப் படியெடுத்துக் காப்பது முதற்பணி. செயலி ஆணைகளை நிறைவேற்றும் முறையை மென்பொருளால் போலச்செய்வது அடுத்த பணி. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட 'மேம்' இவ்வகையில் முதன்மையானது. வன்பொருளை ஆவணப்படுத்துவதே இதன் நோக்கம்; விளையாட்டை ஆட முடிவது, அவ்வாவணம் சரியானது என்பதற்குச் சான்றாகும்.

மேம், ஒரே விளையாட்டின் பல வடிவங்களை ஒன்றாக்குவதில்லை. ஜப்பானில் வெளிவந்த 'பக்மேன்', அமெரிக்காவில் வெளிவந்த 'பேக்மேன்', உரிமையின்றி உருவான படிகள் ஆகிய அனைத்தும் தனித்தனியே பதிவாகின்றன. இந்நெறி தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதியதன்று. பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் சென்ற உ.வே.சாமிநாதையர், தம் பதிப்புகளில் பாடவேறுபாடுகளைக் குறித்துக் காத்தார்.

பல்லாங்குழியின் விதிகள்

ஆர்கேட் விளையாட்டின் விதி சில்லில் உள்ளது. பல்லாங்குழியின் விதியோ ஆடுவோர் நினைவில் உள்ளது. ஆகவே 14 குழிகள் கொண்ட பலகையை மட்டும் அருங்காட்சியகத்தில் வைப்பது விளையாட்டைக் காப்பதாகாது. குழிக்கு எத்தனை புளியமுத்து இடுவது, நான்கு சேர்ந்தால் 'பசு' என எடுப்பதா, வெறுங்குழிக்கு அடுத்த குழியை அள்ளிய பின் ஆட்டம் தொடருமா என்பன ஊருக்கு ஊர் வேறுபடும். சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர், 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்னும் நூலில் இவ்வாட்டத்தின் வகைகளைப் பதிவு செய்துள்ளார். ஒரே விதியை நிரலாக்கும் கைபேசிச் செயலி, அவ்வொன்றையே பல்லாங்குழி என நிலைநிறுத்திவிடக்கூடும்.

முடிவுரை

ஒவ்வோர் ஊரின் விதியையும் அவ்வூர் வழக்குச் சொற்களுடன் திரட்டித் தனித்தனி வடிவமாக நிரலாக்குதல் வேண்டும். பின்னர் அவ்வூர் மூத்தோரை ஆடச்செய்து சரிபார்த்தல் வேண்டும். 'எங்கள் ஊரில் இப்படி ஆடமாட்டோம்' என அவர்கள் மறுப்பின் திருத்தப்பட வேண்டியது நிரலே. விதி அறிந்தோர் வாழும் காலத்திலேயே இப்பணி செய்யப்பட வேண்டும்.