உப்புக்குள் ஒரு நச்சு வாயு: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரக்கூடாது

பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் கழுவித் துடைக்கும் வேலை தொடங்கிவிடும். போர் தண்ணீரின் உப்புக்கறை போக ஆசிட், வாடை போக பிளீச்சிங் பவுடர் என்று இரண்டையும் ஒன்றாகக் கொட்டித் தேய்ப்பவர்கள் உண்டு. இது உயிருக்கே ஆபத்தானது. ஏன் என்று புரிய, நம் அடுப்படி உப்பிலிருந்தே தொடங்குவோம்.

உப்பில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. 100 கிராம் உப்பில் ஏறத்தாழ 39 கிராம் சோடியம், 61 கிராம் குளோரின். சோடியம், தண்ணீர் பட்டாலே தீப்பற்றக்கூடிய உலோகம். குளோரின், மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. இரண்டும் இறுகச் சேர்ந்திருப்பதால்தான் உப்பை நாம் பயமின்றிச் சோற்றில் போடுகிறோம்.

இவற்றைப் பிரிப்பது எளிதல்ல. தண்ணீரில் கரைத்து வற்றவைத்தால் அதே உப்புதான் மிஞ்சும். 801 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் உருகும், அப்போதும் பிரியாது. பிரிப்பதற்கு மின்சாரம் வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் காயல்பட்டினத்தை அடுத்த சாகுபுரத்திலும், மேட்டூரிலும் உள்ள ஆலைகளில் இந்த வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஒரு முனையில் குளோரினும், மறுமுனையில் ஹைட்ரஜனும் வாயுவாக வெளிவரும். சோடியம் தனி உலோகமாக வராது. கரைசலிலேயே காஸ்டிக் சோடாவாக மாறிவிடும். காஸ்டிக் சோடா சோப்புக்குப் போகிறது. குளோரின் பி.வி.சி. குழாய் செய்யவும், குடிநீரில் கிருமி கொல்லவும் பயன்படுகிறது.

அந்தக் குளோரினை நீர்த்த சுண்ணாம்போடு சேர்த்தால் கிடைப்பதே பிளீச்சிங் பவுடர். அதில் அடங்கியிருக்கும் குளோரினை வெளியே விட மின்சாரம் தேவையில்லை. ஆசிட் பட்டாலே போதும். 1915 ஏப்ரலில், முதல் உலகப்போரில், பெல்ஜியத்தின் ஈப்ரே நகர் அருகே படைவீரர்களைக் கொல்லத் திறந்துவிடப்பட்டதும் இதே வாயுதான். இது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். குனிந்து தேய்ப்பவர்களையும் சிறு பிள்ளைகளையும் முதலில் தாக்கும்.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. ஆசிட், கழிவறை கழுவும் திரவம், வினிகர் எதையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்காதீர்கள். ஒன்றைப் போட்ட இடத்தில், நிறையத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவாமல் மற்றதைப் போடாதீர்கள்.

2. கதவு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கழுவுங்கள். வீட்டுத் தொட்டியையும் ஒளு செய்யும் தொட்டியையும் சுத்தம் செய்பவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

3. மூக்கைத் துளைக்கும் நெடி, இருமல், கண்ணெரிச்சல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். கண்ணைச் சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

4. உப்புக் கரைசலைப் பிரித்துப் பார்க்கும் சோதனையைப் பிள்ளைகள் பள்ளியில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்யட்டும். வீட்டு கரண்டில் ஒருபோதும் வேண்டாம்.

வீட்டில் கழுவும் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருக்கிறது. வேலைக்கு வரும் சகோதரிகளுக்கும் சேர்த்து இதை இன்றே படித்துச் சொல்லுங்கள்.