உடலில் உறங்கும் போலி மரபணுக்கள்

ஆடு, மாடு, நாய், பூனை ஆகியவற்றின் கல்லீரல் வைட்டமின் ‘சி’யைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மனிதனோ அதனை உணவின்வழியே பெற வேண்டியுள்ளது. இந்த வேறுபாட்டிற்குக் காரணம், பழுதடைந்த ஒரு மரபணுவாகும்.

மரபணு என்பது ஒரு புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பாகும். அது நால்வகை வேதி ‘எழுத்துகளால்’ ஆனது. உயிரணு பிரியும்பொழுது இக்குறிப்புகள் அனைத்தும் படியெடுக்கப்படுகின்றன. அவ்வேளையில் ஓரெழுத்து விடுபடலாம். தவறான இடத்தில் ‘நிறுத்து’ என்னும் குறியும் தோன்றலாம். இதனால் புரதத்தை உருவாக்கும் ஆற்றலை இழந்து, தோற்றத்தில் மட்டும் மரபணுவை ஒத்திருக்கும் பகுதியே போலி மரபணு எனப்படுகிறது. மனித மரபணுத் தொகுதியில் இத்தகையவை 10,000க்கும் மேல் உள்ளன.

போலி மரபணுக்கள் மூன்று வழிகளில் தோன்றுகின்றன. முதலாவதாக, ஒரு மரபணு தவறுதலாக இருமுறை படியெடுக்கப்படுகிறது. மூலப்படி வேலையைச் செய்வதால், மற்றொரு படியில் பிழைகள் சேர்ந்தாலும் உடலுக்குக் கேடில்லை. இரண்டாவதாக, மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டு வேறோர் இடத்தில் செருகப்படுகிறது. அதனை இயக்கும் பகுதி உடன் வராததால், அது பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கிறது. மூன்றாவதாக, வேறு படி இல்லாத மூல மரபணுவே பழுதடைகிறது.

வைட்டமின் ‘சி’ தயாரிப்பின் இறுதிப் படிக்குத் தேவையான நொதியின் மரபணுவிற்கு நேர்ந்தது இந்த மூன்றாவது நிலையே. மனிதனுக்கும் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையரிடம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அது செயலிழந்தது. பழங்களும் இலைகளும் தாராளமாகக் கிடைத்ததால், அவ்விழப்பு அவற்றின் வாழ்வைப் பாதிக்கவில்லை. எனவே, பழுதடைந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

அவ்விழப்பின் விளைவைப் பின்னாளில் கடலோடிகள் அனுபவித்தனர். பழமும் காய்கறியுமின்றிப் பல மாதங்கள் பயணம் செய்தவர்கள், ஈறுகளில் இரத்தம் கசிந்து ஸ்கர்வி நோயால் மடிந்தனர். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு சிகிச்சை அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர்.

போலி மரபணுக்கள் அனைத்தும் பயனற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. அவற்றுள் சில, பிற மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்த உதவுகின்றன. மனிதனிடமும் குரங்குகளிடமும் ஒரே மரபணு பழுதடைந்திருப்பது, அவற்றின் பொதுவான மரபுவழிக்குச் சான்றாகவும் அமைகிறது.