காருக்கு இன்சூரன்ஸ் இருக்கு... உள்ளே உட்காருபவருக்கு?



எங்கள் அக்கா மகனுக்கு 22 வயது. குமாரபாளையத்தில் படிப்பை முடித்து, சேலத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. கையில் நாலு காசு சேர்ந்ததும், "சித்தி, சின்னதா ஒரு காரு எடுத்துப் போடலாமுங்களா?" என்று ஆரம்பித்தான். நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு வண்டி புதுசில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு ரிக் வண்டி, முட்டை ஏற்றும் வண்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சக்கரம்தான். அதனால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எந்த மாடல் நல்லது, மைலேஜ் என்ன கொடுக்கும், எதற்கு ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இன்சூரன்ஸ் என்று கேட்டால் மட்டும், "அது கெடக்குது. இருக்கறதுலயே கம்மியா ஒண்ணு போட்டுக்கலாம்" என்று ஒரே பதில். இந்த 'கம்மியா ஒண்ணு' எப்படிப்பட்டது என்பதை வாசக சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுசு வாங்கலாமா என்றும் யோசித்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் 2023 நவம்பரில் உயர்ந்த கணக்குப்படி, 5 லட்சம் வரை விலையுள்ள காருக்கே 12 சதவீதம் சாலை வரி. அதன்மேல் இன்சூரன்ஸ். சம்பளம் வாங்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆன பையனுக்கு அது பெரிய பாரம். ஓட்டிப் பழகும் முதல் வருஷம் கேட்டிலும் மதில் சுவரிலும் உரசாமல் எந்தப் பிள்ளை ஓட்டுகிறான்? பழைய வண்டியே போதும் என்று முடிவு செய்தோம்.

கையில் இருந்தது இரண்டரை லட்சம். பார்த்த வண்டிகளில் இரண்டு பிடித்திருந்தன. ஒன்று 2012 மாடல் சான்ட்ரோ, இன்னொன்று 2017 மாடல் ஆல்டோ. சான்ட்ரோ பார்க்க கம்பீரமாக இருந்தது, விலையும் குறைவு. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி என்று எனக்கும் அதன்மேல் ஒரு பாசம். ஆனால் கணக்குப் பார்த்தால் இரண்டு விஷயம் உதைத்தது. 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் மட்டும் 2022 ஏப்ரல் முதல் 5000 ரூபாய், பட்டறைச் செலவு தனி. இன்னொன்று சி.சி. கணக்கு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை வருஷத்துக்கு 2094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3416 ரூபாய். ஆல்டோ 796 சி.சி. சான்ட்ரோ 1086. எண்பத்தாறு சி.சி. கூடுதலாக இருப்பதற்காக வருஷா வருஷம் 1322 ரூபாயும் அதற்கு வரியும் அதிகம் கட்ட வேண்டும்!

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், "சின்னப் பையன் ஓட்டினா பிரீமியம் எகிறுமே" என்று பயமுறுத்தினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படித்தான். இளவட்டம் என்றாலே பணத்தைக் கூட்டிவிடுவார்கள். நம் நாட்டில் கணக்கு வேறு. சி.சி., வண்டியின் வயசு, மதிப்பு, பதிவான ஊர், இவைதான் முக்கியம். சென்னை, பெங்களூரு மாதிரி எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம், மற்ற ஊரெல்லாம் இன்னொரு மண்டலம். டி.என். 28, 30, 34 என்று நம் பக்கத்து நம்பர் வண்டிக்கு, வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் சென்னையைவிடக் கொஞ்சம் மலிவு.

எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். பழைய வண்டி பார்க்கப் போனால் காலையில், இஞ்சின் சூடாகும் முன்னே போகணும் என்பார். சூடான வண்டி எல்லாமே நல்ல பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆகுமாம். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, சைலன்சரில் நீலப் புகை வந்தாலோ பேரம் பேசாமல் திரும்பிவிட வேண்டும். டயர் ஓரத்தில் நாலு இலக்க நம்பர் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். கால் மிதியைத் தூக்கி மோந்து பார்க்கச் சொன்னார். சென்னையில் 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் துடைத்து மெருகேற்றி விலைக்கு வருமாம். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் மண் படிந்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். கேஸ் கிட் மாட்டிய வண்டியானால் அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து சமயத்தில் வம்பு.

ஒரு வழியாக ஆல்டோ என்று முடிவாயிற்று. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

புரோக்கர் சொன்ன 'கம்மியான' இன்சூரன்ஸ் என்பது தேர்டு பார்ட்டி. 2094-க்கு வரி சேர்த்து 2471 ரூபாய். சட்டப்படி இது இருந்தால் போதும், போலீஸ் பிடிக்காது. இதுவும் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4000. அதெல்லாம் சரிதான். ஆனால் மூன்றாம் நபர் என்றால் யார்? ரோட்டில் நடந்து போகிறவர், எதிரே டூவீலரில் வருகிறவர், அடுத்த வண்டிக்காரர். நம் காருக்குள்ளே உட்கார்ந்திருக்கும் அம்மா, தங்கச்சி, பாட்டி இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்! எங்கள் வீட்டில் லாரி வைத்திருந்தவர்களுக்கே இது தெரியவில்லை.

இது நம் பக்கத்து ஊர் வழக்கிலேயே தெளிவாகியிருக்கிறது. ஈரோடு பக்கம் 2016-ல் நடந்த கார் விபத்தில் ஒருவர் இறந்துபோனார். ஈரோட்டில் இருக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அந்தக் குடும்பத்துக்கு 14 லட்ச ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் காருக்கு இருந்தது சட்டத்துக்குத் தேவையான மட்டும் உள்ள 'ஆக்ட் பாலிசி', அதில் காருக்குள் இருந்தவருக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பாயத்தின் உத்தரவு ரத்தாயிற்று. வண்டி வாங்குகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லையே என்று நீதிபதியே வருத்தப்பட்டு, செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணிகள் எல்லாரையும் சேர்த்து ஐந்து வருஷத்துக்கு முழு இன்சூரன்ஸ் கட்டாயம் என்றும் உத்தரவு போட்டார். பேப்பரில் எல்லாம் வந்தது, ஞாபகம் இருக்கலாம். நடைமுறைக்கு ஒத்துவராது என்று நிறுவனங்கள் முறையிட்டதால் அந்தச் செப்டம்பர் மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. ஆக, இன்றைக்கும் அது நம் விருப்பம்தான். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

'பேக்கேஜ்' அல்லது 'காம்ப்ரிஹென்சிவ்' பாலிசி எடுத்தால், சொந்தக் காரில் வருகிறவர்களுக்கும் நிறுவனம் பொறுப்பு என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் ஆல்டோவுக்கு முழுசாக எடுக்க ஆறாயிரத்துச் சொச்சம் கேட்டார்கள். வித்தியாசம் மூவாயிரத்து ஐந்நூறு. சீட் கவருக்கும் ஸ்பீக்கருக்கும் எட்டாயிரம் எடுத்து வைத்திருந்த பையன் இதற்கு மூக்கால் அழுதான்! "கண்ணு, இன்சூரன்ஸ் பணத்தை முதல்ல தனியா எடுத்து வெச்சிரு. மிச்சத்துக்கு வண்டியப் பாரு. அதுக்கும் மிஞ்சினா பாட்டுக் கேளு" என்றேன்.

அடுத்த பிரச்னை யார் பெயரில் ஆர்.சி. என்பது. "அம்மிணி, எனக்குத்தான் வாகன யோகம்னு ஜோசியரு சொல்லியிருக்காரு. அவனுக்கு இப்ப சனி. எம்பேர்லயே இருக்கட்டும்" என்று மாமா பிடிவாதம். அவருக்கு லைசென்ஸும் கிடையாது, ஸ்டியரிங் பிடித்ததும் கிடையாது. பாலிசியில் 'ஓனர்-டிரைவர்' தனிநபர் விபத்துக் காப்பீடு என்று 15 லட்சம் உண்டு. 2018-ல்தான் இந்தத் தொகையை அவ்வளவுக்கு உயர்த்தினார்கள். பெயரிலேயே இருக்கிறதே, அது வண்டியின் சொந்தக்காரருக்கு, அதுவும் லைசென்ஸ் உள்ள சொந்தக்காரருக்கு மட்டும். ஆர்.சி. அப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டிப்போய் அடிபட்டால், அந்த 15 லட்சம் மகனுக்கு வராது. ஓட்டுகிறவன் தப்பால் விபத்து என்றால் மூன்றாம் நபர் என்ற பெயரிலும் கேட்க முடியாது. கர்நாடகத்தில் 2014-ல் அதிவேகமாக ஓட்டிப்போய் கார் கவிழ்ந்து இறந்தவரின் குடும்பம் கேட்ட இழப்பீட்டை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. நம் வீடுகளில் எத்தனை வண்டி அப்பா பெயரிலும் அம்மா பெயரிலும் இருக்கிறது, பிள்ளைகள் ஓட்டுகிறார்கள்! ஆர்.சி.யை மாற்ற முடியாதவர்கள், ஓட்டுகிற பிள்ளைக்கும் உடன் வருகிறவர்களுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டைக் கூடுதலாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமாவை மடக்க நாலு நாள் ஆயிற்று. "மாமா, ஆர்.சி. தம்பி பேர்ல இருக்கட்டுமுங்க. நாமக்கல் ஆஞ்சநேயர் கோயில்ல பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்துறப்ப முன்சீட்டுல நீங்க உக்காருங்க. யோகம் உங்களுக்குத்தானுங்க" என்று சொன்ன பிறகுதான் சிரித்துச் சம்மதித்தார்.

பழைய வண்டி வாங்குகிறவர்களிடம் புரோக்கர்கள் சொல்லும் இன்னொரு சமாதானம், "இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் ஓடுதுங்க". யார் பெயரில் ஓடுகிறது? மூன்றாம் நபர் பகுதி புது உரிமையாளருக்குத் தானாகவே மாறிவிடும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் வாங்கிவந்த நோ கிளெய்ம் போனஸும் நமக்கு வராது. அது ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்தது இல்லை. அந்தச் சலுகைப் பணத்தை நாம் கட்டித்தான் பெயர் மாற்ற முடியும். வண்டி மேல் கடன் இருந்திருந்தால் பாங்க் என்.ஓ.சி.யும் 35-ஆம் நம்பர் படிவமும் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் போனஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வருஷம் கிளெய்ம் செய்யாவிட்டால் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும், தொடர்ந்து ஐந்து வருஷம் என்றால் 50 சதவீதம். ஒரு கிளெய்ம் போட்டால் போச்சு. எட்டாயிரம் ரூபாய் பம்பர் உடைந்தது என்று வையுங்கள். பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதிதான் தருவார்கள், அதிலும் முதல் ஆயிரம் ரூபாய் நம்முடையது. கைக்கு வருவது மூவாயிரம், போவது போனஸ். சின்ன உரசலுக்கு டிங்கரிங் பட்டறையே மேல். பிரீமியம் குறையட்டும் என்று வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்பார்கள், அதற்கும் தலையாட்டக் கூடாது. வண்டி திருடு போனால் அந்த மதிப்புதான் கைக்கு வரும்.

லைசென்ஸ் விஷயத்தில் தாய்மார்கள் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். எல்.எல்.ஆர். வைத்து ஓட்டலாம். ஆனால் முன்னும் பின்னும் 'எல்' போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர், இரண்டும் வேண்டும். அண்ணன் வண்டியைப் பதினேழு வயசுத் தம்பி எடுத்துப் போனால் 25,000 ரூபாய் அபராதமும் பெற்றோருக்கு மூன்று வருஷம் வரை சிறையும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. லைசென்ஸ் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்தால், அடிபட்டவருக்கு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு நம்மிடம் வசூல் செய்யும். சொந்தக் காரை வாடகைக்கு விட்டாலும் சிக்கல்தான்.

எல்லாம் முடிந்து பாலிசி கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆர்.சி. நம்பர், சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் சரியாக இருந்தன. நாமினி என்ற இடத்தில் அக்கா பெயர் தப்பாக அச்சாகியிருந்தது. திருத்தி வாங்க ஐந்து நாள் ஆனது. அதுவரை மாமா சாவியைக் கொடுக்கவில்லை.

- ஒரு வாசகி, ராசிபுரம்