மாறிய இரத்த வகை

இரத்த வகை வாழ்நாள் முழுவதும் மாறாது என்று பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தவள் நான். சென்ற ஆண்டு எமிஸ் பதிவுகளைச் சரிபார்த்தபோது, நீண்ட விடுப்புக்குப் பின் வந்திருந்த பத்தாம் வகுப்பு மாணவன் தன் வகை ‘பி பாசிட்டிவ்’ என்றான். பழைய பதிவில் ‘ஓ பாசிட்டிவ்’. “வீட்டில் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வா” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் அம்மா மருத்துவமனைச் சீட்டுடன் வந்தார். “அவன் சொன்னது சரிதான் டீச்சர். இப்ப அவன் உடம்புல ஓடுறது அவங்க அக்கா ரத்தம்.”

பையனுக்குப் பிறவியிலேயே தலசீமியா. 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்டே வந்திருந்தது. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவனுக்கு அக்காவின் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். இது புதிய சிகிச்சை அல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983லும், வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் மாமன் சாண்டி குழுவினரால் 1986லும் தொடங்கப்பட்டது.

கொடையாளரைத் தேர்ந்தெடுக்க முதலில் பார்ப்பது இரத்த வகையை அல்ல, எச்.எல்.ஏ. பொருத்தத்தை. அந்த மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருப்பதால் பெரும்பாலும் ஒரே தொகுப்பாகவே பிள்ளைக்கு வந்து சேரும். தந்தையிடம் இரண்டு தொகுப்பு, தாயிடம் இரண்டு. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. இரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணுவோ 9ஆம் குரோமோசோமில். அதனால்தான் அக்காவின் எச்.எல்.ஏ. பொருந்தியும் இரத்த வகை பொருந்தவில்லை. சார்பின்றி ஒதுங்குதல் விதிக்குப் பட்டாணியை விட்டால் வேறு உதாரணம் கிடைக்காதா என்று தேடியதுண்டு. அது என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது!

இப்போது அவன் இரத்த வெள்ளணுக்களைச் சோதித்தால் எக்ஸ், ஒய்க்குப் பதிலாக எக்ஸ், எக்ஸ் குரோமோசோம்கள் தெரியும். அக்காவின் அணுக்கள் வேரூன்றிவிட்டனவா என்று மருத்துவர்கள் அறிய இதுவும் ஒரு வழி.

ஒருநாள் ஆய்வகத்தில் தனியாக வந்து கேட்டான்: “அப்போ அந்த நோய் என்னைவிட்டு முழுசாப் போயிட்டா டீச்சர்?”

நம் ஊர் முத்தைக் கொண்டே விளக்கினேன். 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி குழுவினர் உருண்டை முத்தை வளர்த்தெடுத்தார்கள். ஒரு சிப்பியின் மேலுறைத் திசுவில் சிறு துணுக்கை வெட்டி, மணி ஒன்றுடன் சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைப்பார்கள். அந்தத் துணுக்கு மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப்பூச்சைச் சுரக்கும். முத்து விளைவது இரண்டாம் சிப்பிக்குள். பூச்சைச் சுரப்பது முதல் சிப்பியின் செல்கள். ஆனால் இரண்டாம் சிப்பி இடும் முட்டைகள் அதனுடையவையே.

அவனுக்கும் அப்படித்தான். மாறியது மஜ்ஜை மட்டும். தோல், முடி, இனச்செல்கள் எல்லாம் பிறந்தபோது இருந்தவையே. நாளை அவனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பழுதான பிரதியைப் பெறும். மனைவியும் கடத்தியாக இருந்தால் பாதி வாய்ப்பு நோய்க்கு. இல்லையென்றால் பிள்ளைகள் கடத்திகளாக மட்டும் இருப்பார்கள். திருமணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். தலையாட்டிக்கொண்டே கேட்டான். இதை வகுப்பில் பொதுவாகச் சொல்லாதது நல்லதாயிற்று.

இத்தகைய பிள்ளை உங்கள் வகுப்புக்கும் வரலாம். இரத்த அணுக்கள் சில வாரங்களில் பெருகினாலும், எதிர்ப்பாற்றல் மீள ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடுவதால் அவற்றை மறுபடி போடுவார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளுக்கு வழக்கமாக இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். எனவே வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றைக்கே பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மறுநாள் வரை தள்ள வேண்டாம். இரத்த வகையை மருத்துவர் தந்த சீட்டின்படியே பதியுங்கள்.

எமிஸ் பதிவைத் திருத்திவிட்டேன். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் வருத்தமும் தெரிவித்தேன். அடையாள அட்டை மட்டும் இன்னும் பழையதுதான். ‘ஓ’வின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ‘பி’ என்று அவனே எழுதி வைத்திருக்கிறான்.