மெஷினின் விலையல்ல, ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள்

வடக்கு, கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் 2005-2006இல் ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சீனி வருத்தம். அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாது. வெள்ளவத்தையில் காலை முதல் இரவு வரை கடையில் நிற்கும் நம்மவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டிலேயே சீனி பார்க்கும் மெஷின் இப்போது பார்மசிகளில் கிடைக்கிறது. வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்வேன். லாம்பை மலிவாகக் கொடுத்து லாம்பெண்ணெயில் காசு பார்க்கும் வியாபாரம் இது. ஒரு கொம்பனியின் மெஷினுக்கு மற்றதன் ஸ்ட்ரிப் சரிவராது. ஆகவே ஸ்ட்ரிப்பின் விலை, முடிவுத் திகதி, தொடர்ந்து கிடைக்குமா என்பதையெல்லாம் கேட்டுவிட்டு மெஷினைத் தெரிவு செய்யுங்கள். நமது கடற்கரைக் காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப் பழுதாகிவிடும். பேரீச்சம்பழம் பிடித்த விரலைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சீனியையும் மெஷின் காட்டும்!

1969இல் இந்த மெஷின் டொக்டர்மாருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. சிறு வயதிலிருந்தே சீனி வருத்தக்காரரான அமெரிக்க எஞ்சினியர் ரிச்சர்ட் பேர்ன்ஸ்டைன், தன் மனைவி டொக்டர் என்பதால் அவர் மூலம் 650 டொலருக்கு ஒன்றை வாங்கினார். தினமும் பல தடவை பார்த்தார். எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது, இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கணக்குப் பார்த்து இரண்டையும் மாற்றினார். 2025இல் காலமானபோது அவருக்கு வயது 90. பார்த்ததை எழுதாமல் விடுவது கடன் கொடுத்துக் கொப்பியில் பதியாதது போலத்தான்.

எனக்குக் கவலை நோன்பு காலம் பற்றியது. பெருநாள் வியாபாரம் சூடுபிடித்த கடைசிப் பத்தில், பின்னேரம் கை நடுங்கி வியர்த்தாலும் நோன்புக் களைப்பு என்று கல்லாவிலேயே நிற்கிறார்கள். இன்சுலின் அல்லது சில வகைச் சீனிக் குளிசை பாவிப்பவருக்கு அது சீனி இறங்கியதாக இருக்கலாம். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே அல்லது 300க்கு மேலே காட்டினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்கிறது சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் ரமழான் வழிகாட்டல். மஃரிபுக்கு அரை மணித்தியாலம்தானே என்று இழுக்க வேண்டாம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. குளிசையை நீங்களாகக் குறைக்காமல், ஷஃபான் மாதத்திலேயே கொப்பியோடு டொக்டரிடம் போங்கள்.

என் கடையில் சீனி வருத்தமுள்ள இருவர் தத்தமது மெஷினைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நோன்பு நாட்களில் அஸர் தொழுததும் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வேலை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பெட்டியும் இருக்கிறது.