புதுப்பிப்பதா, பேணுவதா? – பழைய போர்த் தலைக்கவசங்கள் குறித்து ஒரு பார்வை

பழைய பொருள் ஒன்று கைக்குக் கிடைத்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? துடைக்கிறோம், துருவைத் தேய்க்கிறோம், முடிந்தால் ஒரு பூச்சும் பூசிவிடுகிறோம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இஃது இயல்பான செயலே. ஆனால், அந்தப் பொருள் ஒரு போரில் பயன்பட்ட இரும்புத் தொப்பியாக இருந்தால்? அதைத் தேய்த்துப் புதுப்பிப்பது சரியா? அல்லது இருக்கும் நிலையிலேயே பேணுவது சரியா? அருங்காட்சியகப் பணியாளர்களும் சேகரிப்பாளர்களும் நெடுங்காலமாக விவாதித்து வரும் இக்கேள்வி, போர் நடந்த மண்ணில் வாழும் நமக்கும் உரியதே. அதனை இயன்றவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைக்கவசம் பிறந்த கதை

1914-ஆம் ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரெஞ்சு, பிரிட்டிஷ் வீரர்கள் துணித் தொப்பிகளையும், ஜெர்மானிய வீரர்கள் தோலால் ஆன கூர்முனைத் தொப்பிகளையும் அணிந்திருந்தனர். பதுங்குகுழிப் போர் தொடங்கியதும் தலைக்கு மேல் வெடித்துச் சிதறிய குண்டுத் துண்டுகள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தன. அதன் விளைவாக 1915-இல் பிரெஞ்சுப் படைக்கு அட்ரியன் தலைக்கவசம் வந்தது. அதே ஆண்டில் ஜான் லியோபோல்ட் பிராடி என்பவர் அகன்ற விளிம்புடைய தட்டையான தலைக்கவசம் ஒன்றுக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். 1916-இல் ஜெர்மானியரின் எஃகுத் தலைக்கவசம் களத்திற்கு வந்தது. இவை எவையும் நேராகப் பாயும் துப்பாக்கிக் குண்டைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டவை அல்ல. மேலிருந்து விழும் சிதறல்களைத் தடுப்பதே இவற்றின் வேலை. பிராடியின் விளிம்பு குடைபோல் அகன்றிருப்பதற்கும் அதுவே காரணம்.

பிராடியின் வடிவமே சிறு மாற்றங்களுடன் 1938-இல் 'மார்க் 2' என்னும் பெயரில் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. இதன் ஓடு ஏறக்குறைய 12 விழுக்காடு மாங்கனீசு கலந்த ஹேட்ஃபீல்டு எஃகால் ஆனது. இவ்வெஃகில் காந்தம் ஒட்டாது. உள்ளே தலையில் பொருந்தும் பகுதி, உச்சியில் உள்ள ஒரே ஒரு திருகாணியால் ஓட்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஜப்பானியர் பயன்படுத்திய 'டைப் 90' தலைக்கவசமோ குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகால் ஆனது. அதில் காந்தம் ஒட்டும். தரைப்படையினருடையதாக இருந்தால் நெற்றியில் ஒரு நட்சத்திரமும் உள்ளே தோல் பட்டைகளும் இருக்கும்.

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கியதிலிருந்து 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது வரை இவ்விரு வகைத் தலைக்கவசங்களும் நம் நாட்டின் சாலைகளிலும் ரப்பர்க் காடுகளிலும் எதிரெதிரே நின்றன. பேராக்கில் உள்ள கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நடந்த போரில் பிரிட்டிஷ் வீரர்களோடு இந்தியப் படைப்பிரிவுகளும் சேர்ந்து நின்றன. சீக்கிய வீரர்கள் தலைக்கவசம் அணிய மறுத்துத் தலைப்பாகையுடனேயே போரிட்டனர் என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

இரு சொற்கள், இரு வழிகள்

புதுப்பித்தல் என்பது ஒரு பொருளை அதன் முந்தைய நிலை ஒன்றுக்கு மீட்டுக் கொண்டுவருவது. துருவை நீக்குதல், நெளிவை நிமிர்த்துதல், மீண்டும் வண்ணம் பூசுதல், இல்லாத வார்ப்பட்டையைப் புதிதாகப் பொருத்துதல் ஆகியவை இதில் அடங்கும். பேணுதல் என்பது பொருள் இன்று எந்நிலையில் இருக்கிறதோ அந்நிலையிலேயே மேலும் கெடாமல் காப்பது. தூசு தட்டுவதும் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதும் துரு பரவாமல் நிறுத்துவதும் பேணுதலாகும்.

1964-இல் உருவான வெனிஸ் சாசனம் கட்டடங்களுக்காகவும் நினைவுச் சின்னங்களுக்காகவும் எழுதப்பட்டது. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிக்கும் பணி நின்றுவிட வேண்டும் என்பது அதன் முக்கியக் கொள்கைகளுள் ஒன்று. இன்று அருங்காட்சியகப் பொருள்களைக் கையாள்வோர் இதனோடு இன்னொரு விதியையும் சேர்த்துக் கடைப்பிடிக்கின்றனர்: செய்யும் எந்த மாற்றமும் பின்னாளில் நீக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நம்மைவிட நல்ல அறிவும் கருவியும் உள்ள ஒருவர் நாளை வரலாம். அவருக்கும் வழி விட்டு வைக்க வேண்டும் அல்லவா?

பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது?

'துருதானே போகிறது, வேறு என்ன நட்டம்?' என்று கேட்கலாம். ஒரு தலைக்கவசத்தின் பெரும்பாலான செய்திகள் அதன் மேற்பரப்பில்தான் உள்ளன. சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, வண்ண அடுக்குகள். ஜெர்மானியத் தலைக்கவசத்தின் வலப்புறத்தில் இருந்த தேசிய வண்ணச் சின்னத்தை நீக்குமாறு 1940-இல் ஆணை பிறந்தது. ஆகவே, பழைய தலைக்கவசம் ஒன்றின் மேற்பூச்சுக்கு அடியில் அச்சின்னம் பாதி சுரண்டப்பட்ட நிலையில் மறைந்திருக்கலாம். ஓர் ஆணை வந்ததும் ஒரு வீரன் அதற்குப் பணிந்ததும் அந்த அடுக்குகளில் பதிந்திருக்கின்றன. மணல்வீச்சு இயந்திரத்தின் கீழ் வைத்தால் அவை சில நிமிடங்களில் போய்விடும்.

இரண்டாவது, முத்திரைகள். பிரிட்டிஷ் தலைக்கவசத்தின் விளிம்பின் அடிப்பகுதியில் தயாரிப்பாளரின் குறியெழுத்துகளும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆழமில்லாத இப்பொறிப்புகள் அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் தாங்கமாட்டா.

மூன்றாவது, துளைகள். பிரிட்டனில் சோதனையில் தரம் குறைந்தவையாகக் கருதப்பட்ட ஓடுகளின் விளிம்பில் சிறு துளைகள் இட்டு, அவற்றை வான்தாக்குதல் காவலர் போன்ற உள்நாட்டுப் பணியாளர்களுக்குக் கொடுத்தனர். இஃது அறியாத ஒருவர் துளைகளை அடைத்துப் படைநிறம் பூசினால், பொதுமக்கள் அணிந்த தொப்பி போர்முனைத் தொப்பியாக மாறிவிடும். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் விளைவு ஒரு பொய்யே. விலைக்காக வேண்டுமென்றே இப்படிச் செய்து, சின்னம் ஒட்டி, மண்ணில் புதைத்துப் 'பழசாக்கி' விற்போரும் இருக்கின்றனர்.

எங்கள் வீட்டுத் தொப்பி

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. பேராக்கில் உள்ள என் மாமா வீட்டில் ஒரு 'மார்க் 2' தலைக்கவசம் இருக்கிறது. 'சப்பான்காரன் காலம்' முடிந்த பிறகு ரப்பர்க் காட்டில் கிடந்ததைத் தாத்தா எடுத்து வந்தாராம். உள்ளமைப்பு மக்கிப்போய்த் திருகாணியும் விழுந்துவிட்டதால் உச்சியில் ஒரு துளை மட்டும் எஞ்சியது. தண்ணீர் வடியத் துளை உள்ள சட்டி! பாட்டி அதில் மண் நிரப்பிக் கம்பி கட்டித் தொங்கவிட்டுக் கற்பூரவள்ளி வளர்த்தார். லயத்துக் கதவுக்குப் பூசிய நீல வண்ணத்தில் மிஞ்சியதைத் தாத்தா அதற்கும் பூசிவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தபோதெல்லாம் இலை பறித்தது அந்தத் தொப்பியிலிருந்துதான்.

சென்ற ஆண்டு மாமா அதைப் புதுப்பிக்க விரும்பினார். "மணல் அடிக்கிற கடையில குடுத்தா ஒரு மணி நேரத்துல சுத்தமாக்கிடுவான்டா தம்பி. அப்புறம் சோல்ஜர் பச்சை அடிச்சா ஹாலுல மாட்டி வைக்கலாம்" என்றார். வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "அப்படியே விட்டா துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துடும். அப்ப உன் வரலாறும் சேர்ந்துதானே போகும்?"

இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தோம். அதை அணிந்தவர் யார், எப்படைப்பிரிவினர் என்பதற்கு எச்சான்றும் இல்லை. பச்சை பூசி ஒரு சின்னமும் வரைந்தால் அது முழுக்க ஊகம். மாறாக, நமக்கு உறுதியாகத் தெரிந்த வரலாறு அந்த நீல வண்ணமும் கம்பி உரசிய தடமும்தான். படைவீரனின் தலையில் அது இருந்தது சில மாதங்களாக இருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்தது அறுபது ஆண்டுகளுக்கு மேல். போருக்குப் பின் ஜெர்மனியில் எஃகுத் தலைக்கவசங்களில் துளையிட்டுச் சமையலறை வடிதட்டுகளாக மாற்றினார்கள். அவற்றை அந்நாட்டு அருங்காட்சியகங்கள் வடிதட்டுகளாகவே வைத்திருக்கின்றன. பஞ்சத்தில் வாழ்ந்த மக்களின் கதையை அவையே சொல்கின்றன. தோட்டத்து மக்களின் பொருள்களுக்கு நம் நாட்டில் கண்ணாடிப் பேழைகள் அதிகம் கிடைத்ததில்லை. கிடைத்த ஒன்றையும் நாமே அழிப்பது முறையா? மாமா ஒப்புக்கொண்டார். ஆனால், துருவை நிறுத்த வழி சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு!

புதுப்பித்தலுக்கும் இடமுண்டு

எல்லாத் தலைக்கவசங்களையும் தொடாமல் விட வேண்டும் என்பது என் கருத்தன்று. அமெரிக்காவின் 'எம் 1' தலைக்கவசம் இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் 2 கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. அவற்றுள் வண்ணம் முழுதும் போய், வரலாறும் அறியப்படாத வெற்று ஓடு ஒன்றைப் புதுப்பித்து நாடகத்துக்கோ பள்ளிக் கண்காட்சிக்கோ பயன்படுத்துவதில் இழப்பு குறைவு. மாணவர்கள் அதைத் தலையில் வைத்துப் பார்த்து எடையை உணரலாம். அரிய ஒன்றைப் பலர் கையாள்வதைவிட அது மேலானது. ஆயினும் செய்த வேலையையும் சேர்த்த உறுப்புகளையும் எழுதி வைக்க வேண்டும். விற்கும்போது மறைக்கக் கூடாது.

நம் தட்பவெப்பத்தில் பேணும் முறை

இரும்புக்கு முதற்பகை ஈரம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது துரு விரைவாகிறது. நம் நாட்டில் பெரும்பாலான நாள்கள் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கின்றன. எனவே, கீழ்க்காணும் முறைகளைக் கையாளலாம்.

1. எதையும் செய்வதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, கிடைத்த இடத்தையும் பெரியவர்கள் சொன்ன கதையையும் எழுதி வையுங்கள்.

2. கையுறை அணியுங்கள். வியர்வையில் உள்ள உப்பு துருவைத் தூண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். சில பழைய தலைக்கவசங்களின் உள்ளமைப்பில் ஆஸ்பெஸ்டாஸ் நாரும் இருக்கலாம். ஆகவே உப்புத்தாளால் தேய்ப்பதையும் உள்பகுதியைக் கிளறுவதையும் தவிர்த்திடுங்கள்.

3. மண்ணையும் தூசையும் மென்மையான தூரிகையால் மட்டும் நீக்குங்கள். புளி, எலுமிச்சை, வினிகர் வேண்டா. அவற்றின் அமிலம் வண்ணத்தையும் பாதிக்கும், எஞ்சி நின்று மீண்டும் துருவை உண்டாக்கும்.

4. உதிரும் துரு உள்ள, வண்ணமே இல்லாத இடங்களில் டேனிக் அமிலக் கரைசலைத் தடவுவதுண்டு. அது துருவோடு சேர்ந்து கருநீல நிறமுடைய நிலையான படலமாக மாறும். இது நீக்க முடியாத மாற்றம் என்பதால் அறிந்தவர் துணையோடு மட்டுமே செய்ய வேண்டும்.

5. நன்கு உலர்ந்த பின் நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசலாம். 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இதற்கென ஒரு மெழுகுக் கலவையை உருவாக்கினர். இதனைப் பின்னர் கரைத்து நீக்கிவிடலாம்.

6. தோல் பட்டைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டா. எண்ணெய் தோலைக் கறுக்க வைத்துத் தூசையும் பூஞ்சணத்தையும் அழைக்கும்.

7. மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். புகைப்படக் கருவிக்கு வாங்கும் ஈரமகற்றும் பெட்டி இருந்தால் மிக நன்று. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதிலும் அமிலம் உண்டு.

மாமா வீட்டுத் தொப்பியில் மண்ணை நீக்கி, உட்புறத்தில் மட்டும் மெழுகு பூசி, பெட்டியில் வைத்திருக்கிறோம். நீலம் அப்படியே இருக்கிறது. விளிம்பில் பூச்சுக்கு அடியில் '194' என்ற எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. கடைசி எண்ணைப் பூச்சு மூடியிருக்கிறது. அதைச் சுரண்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டோம். பூச்சைச் சேதப்படுத்தாமல் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கிடைக்கும்வரை அது காத்திருக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள்

மண்ணிலிருந்து புதிதாக எதையேனும் கண்டெடுத்தால் வீட்டுக்கு எடுத்து வந்துவிடாதீர்கள். வெடிக்காத குண்டாக இருந்தால் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். மரபுச் சிறப்புடைய பொருள் என்று தோன்றினால், தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இன்படி அதிகாரிகளுக்கு அறிவிப்பது கடமையாகும். பொருள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதும் வரலாறே. பெயர்த்தெடுத்த நொடியில் அது கலைந்துவிடுகிறது.

அன்பு மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு வீடு செல்லும்போது பின்கட்டையும் கோழிக் கூண்டையும் ஒருமுறை பாருங்கள். தீவனத் தட்டாகவோ பூந்தொட்டியாகவோ ஓர் இரும்புத் தொப்பி அங்கே இருக்கக்கூடும். தூரிகையை எடுக்கும் முன் பாட்டியின் அருகில் அமர்ந்து, அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று கேளுங்கள். துருவை நிறுத்த மெழுகு கடையில் கிடைக்கும். அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்தவர்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.